செட்டிநாட்டு ஓட்டு வீட்டில் சோலார் பேனல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் பக்கம் பழைய வீடு வைத்திருப்பவர்கள் சோலார் பற்றிப் பேச்செடுத்தால் கேட்கும் கேள்விகள் இவை. கான்கிரீட் மாடியில் பேனல் பொருத்துவது பற்றி எவரும் சொல்லிவிடுவார்கள். நூறு வயதை ஒட்டிய ஓட்டுக்கூரை வேறு சங்கதி. அதைத் தெரியாத ஆட்களைக் கூரைமேல் ஏற்றினால், அடுத்த ஐப்பசியில் வளவுக்குள் (நடு முற்றமும் அதைச் சுற்றிய நடையும்) குண்டானும் வாளியும் வைக்க வேண்டியிருக்கும்.

ஓட்டுக்கூரையில் சோலார் பேனல் போடலாமா, கூடாதா?

போடலாம். ஆனால் அதைக் கடைசித் தேர்வாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி போதும். பெரும்பாலான குடும்பங்களுக்கு 2 அல்லது 3 கிலோவாட்டே தாராளம். ஆக 300 சதுர அடி. முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும் வீட்டில், 300 சதுர அடிக்கு ஓட்டைத்தான் பிரிக்க வேண்டுமா? பின்கட்டுக்கு அப்பால் தோட்டம் இருக்கிறது. மாட்டுக்கொட்டகை இருந்த இடம் சும்மா கிடக்கிறது. பலர் வீட்டில் எழுபதுகளிலோ எண்பதுகளிலோ கட்டிச் சேர்த்த கான்கிரீட் சமையற்கட்டோ குளியலறையோ இருக்கிறது. வீட்டின் அழகைக் கெடுத்தது என்று இத்தனை காலம் திட்டு வாங்கிய அந்தக் கான்கிரீட் தளம்தான் பேனலுக்கு முதல் தரமான இடம். கார் ஷெட்டின் கூரையையே பேனலால் போட்டுவிடுவதும் நல்ல வழி.

தோட்டத்தில் போடுவதாக இருந்தால் வேம்பு, தென்னை நிழலை மட்டும் காலை எட்டு மணியிலிருந்து மாலை நான்கு மணி வரை கவனித்துவிட்டு இடத்தைக் குறியுங்கள். ஒரு பேனலின் மூலையில் விழும் தென்னங்கீற்று நிழல்கூட மொத்த வரிசையின் உற்பத்தியைக் குறைக்கும். இன்னொன்று: மீட்டர் முகப்பில் இருக்கும், பேனல் தோட்டத்தில் இருக்கும், நடுவே இரண்டு மூன்று கட்டுகள். அவ்வளவு தூரத்துக்கு மெல்லிய கேபிள் இழுத்தால் உச்சி வெயிலில் வோல்டேஜ் ஏறி இன்வெர்ட்டர் (பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் பெட்டி) அடிக்கடி நின்றுவிடும். கனமான கேபிளுக்கு முதலிலேயே பணம் ஒதுக்குங்கள்.

எங்கள் வீட்டில் இருப்பது எந்த வகைக் கூரை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

செட்டிநாட்டு வீட்டுக்கு ஒரே கூரை என்பது அபூர்வம். பொதுவாக மூன்று வகைகள் ஒரே வீட்டில் கலந்து கிடக்கும்.

வளவைச் சுற்றிய சரிவுகளில் இருப்பது பெரும்பாலும் நாட்டு ஓடு: அரைவட்டமாக வளைந்த சிறிய ஓடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பல அடுக்குக்கு வேய்ந்திருப்பார்கள். ஆணி கிடையாது, கொக்கி கிடையாது. தன் எடையிலும் ஒன்றையொன்று அணைத்தும் நிற்பவை. இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு, பக்கத்துக் கொட்டகைகளில் இருப்பது சீமை ஓடு, அதாவது மங்களூர் ஓடு: தட்டையானது, வரிப்பள்ளம் உள்ளது, ரீப்பரில் (ஓட்டைத் தாங்கும் மெல்லிய குறுக்குச் சட்டம்) மாட்டித் தொங்குவது. முகப்பின் மேலும் மாடியிலும் இருக்கும் மட்டமான தளம், தேக்கு உத்தரங்களின் மேல் செங்கலைச் செங்குத்தாக அடுக்கி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டு இடித்து, தட்டோடு பதித்த மெட்ராஸ் டெரஸ். பார்ப்பதற்குக் கான்கிரீட் மாடி போலவே இருக்கும். நினைவில் வையுங்கள், அது கான்கிரீட் அல்ல.

எந்தச் சரிவில் எது இருக்கிறது என்று ஒரு படம் வரைந்த பிறகுதான் விலை கேட்கவே போக வேண்டும்.

நாட்டு ஓட்டின் மேல் பேனல் பொருத்த முடியுமா?

என் பதில்: வேண்டாம்.

காரணம் எடை அல்ல. அந்த ஓடுகளின் இடையில் எதையும் நுழைத்து நிறுத்த இடமே இல்லை. கொக்கி ஒன்றைக் கைமரத்தில் (கூரையைச் சரிவாகத் தாங்கும் மரம்) திருகி வெளியே கொண்டுவர வேண்டுமானால் நாலைந்து அடுக்கு ஓட்டைத் துளைத்துக்கொண்டு வர வேண்டும். மேலே ஓடும் மழைநீர் அந்தக் கொக்கியைப் பிடித்துக்கொண்டு நேராக மரத்துக்கு இறங்கும். அதோடு நாட்டு ஓடு உயிருள்ள கூரை. சில வருடங்களுக்கு ஒருமுறை பிரித்து, உடைந்ததை எடுத்து, திரும்ப வேய வேண்டியது. மேலே பேனல் உட்கார்ந்துவிட்டால் அந்தப் பராமரிப்பு நின்றுபோகும். ஆறேழு வருடம் கழித்து ஓர் ஓடு விலகியிருப்பது தெரியவே தெரியாது. கைமரம் உளுத்த பிறகுதான் தெரியும்.

ஏறி நடப்பதே இன்னொரு தொல்லை. நாட்டு ஓடு மாற்றத் தெரிந்த பெரியவர்கள் பூனை நடப்பதுபோலக் கால் வைப்பார்கள். பேனலைத் தோளில் தூக்கிக்கொண்டு ஷூ காலோடு ஏறும் இளைஞனுக்கு அது வராது. ஒரு பேனல் பொருத்தி முடிப்பதற்குள் கூடைக் கணக்கில் ஓடு உடையும். மாற்று ஓட்டுக்கு எங்கே போவது? நாட்டு ஓடு சுடும் வேளார்கள் (குயவர்கள்) மிகக் குறைவாகிவிட்டார்கள்.

வேறு இடமே இல்லை, நாட்டு ஓட்டுச் சரிவுக்கு மேலேதான் வேண்டும் என்றால், ஓட்டைத் தொடாமல் இரண்டு பக்கச் சுவர்களின் மேல் தாங்கும் இரும்புச் சட்டத்தைக் கூரைக்கு மேலே பாலமாகக் கட்ட வேண்டும். அடியில் ஆள் குனிந்து போய் ஓடு மாற்றும் அளவுக்கு உயரம் விட வேண்டும். செலவு அதிகம், பார்வைக்கும் நன்றாக இராது. கட்டுமானப் பொறியாளர் சுவரைப் பார்த்துக் கையெழுத்திடாமல் அதில் இறங்காதீர்கள்.

சரி, சீமை ஓட்டில்?

இங்கே முறையான வழி இருக்கிறது. ஒரே ஒரு விதிதான் அடிப்படை: பேனலின் எடையும் காற்றின் இழுப்பும் மரத்துக்குப் போக வேண்டும், ஓட்டுக்கு ஒரு குந்துமணி அளவும் போகக்கூடாது. மற்ற எல்லாம் இதிலிருந்து வருபவை.

முதலில் கைமரம் எங்கெங்கே ஓடுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பல வீடுகளில் கீழே பலகை அடித்திருப்பார்கள், உள்ளிருந்து கைமரம் தெரியாது. ஓட்டைத் தூக்கித்தான் பார்க்க வேண்டும். தூக்கும்போதே மரத்தின் உடல்நிலையையும் பார்த்துவிடுங்கள். உளியின் முனையால் குத்தினால் உள்ளே இறங்குகிறதா, தட்டினால் பொத்தென்ற சத்தம் வருகிறதா, சுவருக்குள் புதைந்திருக்கும் நுனி ஈரத்தில் மக்கியிருக்கிறதா? பர்மா தேக்கு என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். தேக்கைக் கரையான் எளிதில் தொடாது என்பது உண்மை. ஆனால் பழுது பார்த்த காலங்களில் இடையிடையே வேறு மரத்தைச் செருகியிருப்பார்கள், எளிய வீடுகளில் பனங்கையும் (பனைமரக் கைமரம்) இருக்கும். ஆசாரியைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு நாளுக்கு அவர்தான் இன்ஜினியர்.

அடுத்தது கொக்கி. ஓட்டுக்கூரைக்கென்றே வளைத்த, துருப்பிடிக்காத எஃகுக் கொக்கிகள் கிடைக்கின்றன. 304 தரம் என்று கேட்டு வாங்குங்கள். கொக்கியின் அடித்தட்டைக் கைமரத்தின்மேல் வைத்து, முதலில் சிறு துளை போட்டு, பிறகு திருகாணியை இறக்க வேண்டும். நூறு வருடம் காய்ந்த தேக்கில் துளை போடாமல் திருகினால் ஒன்று மரம் பிளக்கும், இல்லையென்றால் திருகாணி முறியும். ரீப்பரில் கொக்கி அடிப்பவரை அந்த இடத்திலேயே கீழே இறக்கிவிடுங்கள். ரீப்பர் ஓட்டைச் சுமக்க வந்தது, புயலைப் பிடித்து நிறுத்த வந்ததல்ல. கொக்கி வர வேண்டிய இடத்தில் கைமரம் இல்லாவிட்டால் இரண்டு கைமரங்களுக்கு நடுவே குறுக்குக் கட்டை ஒன்றைப் போட்டு அதில் திருகலாம்.

கொக்கியின் கை, கீழ் ஓட்டின் பள்ளத்துக்கு மேலாக, மேல் ஓட்டின் அடியிலிருந்து வெளியே வர வேண்டும். கீழ் ஓட்டைத் தொடாமல் சில மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். பேனல் ஏறியபின் கை கொஞ்சம் தாழும், அப்போது ஓட்டைத் தொட்டு அழுத்தினால் காற்றில் அசைந்து அசைந்து ஓடு விரிசல் விடும். மேல் ஓடு கொக்கியின்மேல் தூக்கிக்கொண்டு நிற்காமல் இருக்க, அதன் அடிப்பக்கத்தில் கிரைண்டரால் கொக்கி அகலத்துக்கு மட்டும் சிறு வெட்டு. அவ்வளவுதான் ஓட்டில் செய்யலாம். ஓட்டின் நடுவே துளை போட்டு போல்ட் இறக்கி, சுற்றிலும் சிலிக்கான் பூசி, ‘ஒழுகாது அண்ணே’ என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். நம் வெயிலில் அந்தப் பசை சில கோடைகளில் காய்ந்து உரிந்துவிடும்.

மூன்று நான்கு அடிக்கு ஒரு கொக்கி, அதன்மேல் அலுமினிய ரெயில், ரெயிலில் கிளாம்ப், கிளாம்பில் பேனல். பேனலுக்கும் ஓட்டுக்கும் இடையே குறைந்தது நான்கு அங்குலம் காற்று போக வழி. இது அலங்காரத்துக்கு அல்ல: பேனல் 25 டிகிரிக்கு மேல் சூடாகும் ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் திறன் 0.3 முதல் 0.4 சதவீதம் குறைகிறது. சித்திரை வெயிலில் பேனல் 65 டிகிரியைத் தொடுவது சாதாரணம். அப்போதே 12 சதவீதத்துக்கு மேல் போயிற்று. அடியில் காற்று இல்லாவிட்டால் இன்னும் போகும்.

கொக்கியிலும் ரெயிலிலும் சாதாரண இரும்பு போல்ட்டைக் கலக்காதீர்கள். இரும்பும் அலுமினியமும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் ஒன்று மற்றொன்றை அரித்துவிடும். அரிமானத்தைப் பற்றி ஆராயும் சிக்ரி நிறுவனமே காரைக்குடியில், அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் நிற்கிறது. அந்த ஊரிலேயே துருப்பிடித்த போல்ட்டோடு பேனலைப் பார்க்க நேர்வது கொஞ்சம் வெட்கக்கேடுதான்.

பேனலின் எடையைப் பழைய கூரை தாங்குமா?

எல்லோரும் முதலில் அஞ்சுவது இதற்குத்தான். ஆனால் எடை பெரிய சிக்கலே அல்ல. ரீப்பரோடு சேர்த்துச் சீமை ஓட்டுக்கூரை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 65 கிலோ. இரட்டை அடுக்கு நாட்டு ஓடு 120 கிலோ வரை போகும். பேனலும் சட்டமும் சேர்ந்து 12 முதல் 15 கிலோ. கைமரம் நலமாக இருந்தால் இந்தக் கூடுதலை அது பொருட்படுத்தாது. நலமாக இல்லாவிட்டால் பேனல் போடாமலேயே அதை மாற்ற வேண்டியதுதான்.

பயப்பட வேண்டியது கீழே அமுக்கும் எடைக்கு அல்ல, மேலே தூக்கும் காற்றுக்கு.

புயல் அடித்தால் பேனல் பறந்துவிடாதா?

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா, புதுக்கோட்டை மாவட்டத்தைப் புரட்டிப்போட்டதை இங்கே யாரும் மறக்கவில்லை. செட்டிநாட்டின் பாதி ஊர்கள் அந்த மாவட்டத்தை ஒட்டியோ அதற்குள்ளேயோ இருக்கின்றன. ஆகவே கேள்வி நியாயமானது.

கணக்கு இது: மணிக்கு 144 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோ அழுத்தம் தரும். இன்று புழங்கும் 540 வாட் பேனல் ஒன்று இரண்டரைச் சதுர மீட்டர். ஆக, 28 கிலோ எடையுள்ள ஒரு பேனலைத் தூக்க 250 கிலோ அளவுக்கு விசை வரக்கூடும். கொக்கி எத்தனை, திருகாணி எவ்வளவு ஆழம், மரம் என்ன நிலை என்று இவ்வளவு வலியுறுத்துவது இதனால்தான்.

முகட்டையும் கூரை விளிம்பையும் ஒட்டிய பகுதியில்தான் காற்றின் இழுப்பு மிக அதிகம். அங்கே ஒன்றரை அடியாவது விட்டுவிடுங்கள். பேனல் கூரை விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கவே கூடாது. கூரையின் சரிவை ஒட்டியே பேனலைப் படுக்க வைப்பது நல்லது. சரிவுக்கு மேல் இன்னொரு சாய்வு கொடுத்து நிமிர்த்தினால் அது பாய்மரமாகிவிடும். காற்றுவேகக் கணக்கு இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 875 மூன்றாம் பாகத்தின்படி போடப்பட்டதா என்று நிறுவுபவரிடம் கேளுங்கள். விழித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

மெட்ராஸ் டெரஸ் தளத்தில் கான்கிரீட் மாடிபோலவே பொருத்தலாமா?

கூடாது. வழக்கமான ஆட்கள் வந்ததும் டிரில் எடுத்து ஆங்கர் போல்ட் அடிப்பார்கள். சுண்ணாம்பு ஜல்லித் தளத்தில் ஆங்கர் பிடிக்காது. துளை வழியாகத் தண்ணீர் இறங்கி உத்தரத்தின் தலையில் நிற்கும். துளையைச் சிமென்டால் அடைப்பது அதைவிடக் கேடு. சுண்ணாம்பு மூச்சுவிடும், சிமென்ட் விடாது. ஈரம் உள்ளேயே சிக்கி மரத்தைத் தின்னும்.

துளையிடாமல் கான்கிரீட் கட்டைகளை எடையாக வைத்துச் சட்டத்தை நிறுத்துவது இன்னொரு வழக்கம். இங்கே அந்தக் கட்டைகளைத் தளத்தின் நடுவில் வைக்காதீர்கள். இரண்டு உத்தரங்களுக்கு நடுவே இருப்பது வெறும் செங்கலும் சுண்ணாம்பும். கீழே சுவர் எங்கே போகிறது என்று பார்த்து, சுவரிலிருந்து சுவருக்கு இரும்பு கர்டர் போட்டு, அதன்மேல் சட்டத்தையும் எடையையும் ஏற்ற வேண்டும். தளம் தொடப்படாமல் கிடக்கும், தட்டோட்டில் மழைநீர் பழையபடி ஓடும்.

இங்கிலாந்தில் இருக்கும் என் மகன், அங்கே சிலேட்டுக்கல் கூரையில்கூடப் பேனல் போடுகிறார்கள் என்கிறான். அந்தக் கொக்கியையே வாங்கி அனுப்பலாமா?

அங்குள்ள சிலேட்டு என்பது சில மில்லிமீட்டர் கனமுள்ள தட்டைக்கல். ஒவ்வொன்றையும் ஆணியடித்து மரத்தில் பிடித்திருப்பார்கள். அவர்கள் ஒரு சிலேட்டை ஆணியறுத்து எடுத்துவிட்டு, கைமரத்தில் கொக்கியைத் திருகி, எடுத்த இடத்தில் ஈயத் தகட்டையோ அலுமினியத் தகட்டையோ மடித்து வைத்து நீர் இறங்காமல் பார்த்துக்கொள்வார்கள். கல்லைத் துளைப்பதில்லை, கல்லின்மேல் கொக்கியைச் சாய்ப்பதுமில்லை. கொள்கை நம்முடையதேதான்.

கொக்கி மட்டும் பொருந்தாது. சிலேட்டுக் கொக்கி தட்டையானது. சீமை ஓட்டின் உயரத்தையும் வளைவையும் தாண்டி வெளியே வர அதற்கு நீளம் போதாது. ஓட்டுக்கூரைக் கொக்கி, அதிலும் உயரத்தைக் கூட்டிக்குறைக்கக் கூடியது, இந்தியாவிலேயே கிடைக்கிறது. உங்கள் ஓடு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போய் வைத்துப் பார்த்து வாங்குங்கள். பையனிடம் வேறு ஏதாவது அனுப்பச் சொல்லுங்கள்.

எந்தத் திசைச் சரிவில் போடுவது?

‘தெற்கு பார்த்து’ என்பது பாடப்புத்தகப் பதில். அது தப்பில்லை, ஆனால் நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே வெறும் 10 பாகையில் இருக்கிறோம். சூரியன் கிட்டத்தட்ட உச்சியிலேயே போகிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் இறுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும்! ஆகவே கிழக்கு, மேற்குச் சரிவுகளில் போட்டாலும் இழப்பு பெரிதல்ல. தெற்கில் இடமில்லை என்று யாரும் முகப்பைப் பிரிக்க வேண்டாம். செங்குத்தான வடக்குச் சரிவை மட்டும் தவிர்க்கலாம். மார்கழி, தையில் அது சோம்பிக் கிடக்கும்.

திசையைவிட நிழல் முக்கியம். முகப்பின் மேலே சுதைச் சிற்பங்களோடு எழும்பி நிற்கும் கைப்பிடிச் சுவர், கோபுரம், பக்கத்து வீட்டு மாடி ஆகியவற்றின் நிழல் மார்கழியில் எவ்வளவு நீள்கிறது என்று பாருங்கள். நிழல் தவிர்க்க முடியாத இடமானால் பேனல் ஒவ்வொன்றுக்கும் தனியாக மைக்ரோ இன்வெர்ட்டர் வைக்கலாம். நிழல் இல்லாத இடத்தில் ஒரு கிலோவாட் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும்.

வளவுக்குள் சரியும் கூரையில்?

நிழலையும் அழகையும் விடுங்கள், தண்ணீரைப் பாருங்கள். நான்கு பக்கச் சரிவும் மழையை முற்றத்துக்குள் கொண்டுவந்து சேர்ப்பதற்காகவே கணக்குப் போட்டுக் கட்டியவை. ஓட்டின்மேல் மெதுவாக இறங்கும் தண்ணீர், கண்ணாடியின்மேல் வழுக்கி வேகமெடுத்து ஒரே கோட்டில் கொட்டும். விளிம்புத் தகரக் கால்வாயைத் தாண்டி வளவின் நடையில் தெறிக்கும். வெளிப்பக்கச் சரிவிலும் பேனலின் கீழ் விளிம்புக்கும் கூரை விளிம்புக்கும் இடையே ஓரிரு வரிசை ஓடு விடுவது இதற்காகவும்தான்.

பாரம்பரிய வீடு. தெருவிலிருந்து பேனல் தெரிவது முறையா?

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். செட்டிநாட்டு ஊர்த் தொகுதி 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் இருக்கிறது. அந்த மதிப்பு ஒரு வீட்டால் வந்ததல்ல, தெரு முழுவதும் ஒரே வரிசையில் தெரியும் முகப்புகளாலும் ஓட்டுச் சரிவுகளாலும் வந்தது. தெருவில் நின்று பார்க்கும்போது கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். பின்கட்டும் தோட்டமும் இருக்கும்போது முகப்பிலுள்ள கஜலட்சுமி சிலையின் தலைக்குப் பின்னால் நீலக் கண்ணாடி எதற்கு?

தேக்கு நிறைந்த வீடு. நெருப்புப் பயம் உண்டா?

உண்டு, இதைப் பற்றி விற்பவர்கள் பேசுவதில்லை.

ஆறு பேனல்களை வரிசையாக இணைத்தால் 300 வோல்ட்டை ஒட்டி நேர்மின்சாரம் வரும். வீட்டுக்கு வரும் மாறுமின்சாரம் விநாடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டு மீள்கிறது. எங்காவது பொறி பறந்தால் அணைய வாய்ப்பு உண்டு. நேர்மின்சாரம் அப்படித் தொடுவதில்லை. தளர்ந்த இணைப்பு ஒன்றில் பொறி பிடித்தால் வெயில் இருக்கும்வரை விடாமல் எரியும். அது நூறு வருடம் காய்ந்த தேக்குக்கும் பலகைக்கும் நடுவில் நடந்தால் என்ன ஆகும் என்று எழுத எனக்கு மனமில்லை.

அதனால் பேனலிலிருந்து வரும் கேபிளைக் கூரைக்குள், கைமரத்தோடு கைமரமாகக் கொண்டுபோகாதீர்கள். இரும்புக் குழாய்க்குள் போட்டு, வெளிச்சுவர் வழியாகவே இறக்குங்கள். இன்வெர்ட்டரும் நேர்மின்சாரத்துக்கான துண்டிப்பு சுவிட்சும் காற்றோட்டமான வெளிச்சுவரில், நிழலில் இருக்கட்டும்; பாத்திர அறையிலும் மரப்படிக்கட்டின் அடியிலும் வேண்டாம். கனெக்டர்கள் இரண்டு பக்கமும் ஒரே நிறுவனத்தினுடையதாக, அதற்குரிய கருவியால் அழுத்திப் பொருத்தியதாக இருக்க வேண்டும். இடுக்கியால் நெருக்கிவிடுவதில்தான் பெரும்பாலான தளர்ச்சி தொடங்குகிறது. வருடம் ஒருமுறை மழைக்காலத்துக்கு முன் எல்லா இணைப்பையும் ஒருவர் தொட்டுப் பார்க்க வேண்டும்.

வீட்டு வயரிங் இன்னும் மரச்சட்டத்துக்குள் ஓடும் பழைய வயரிங் என்றால் சோலாரை ஒத்திப்போட்டு முதலில் அதை மாற்றுங்கள்.

எர்த் குழி பேனல் பக்கத்துக்கு ஒன்று, இன்வெர்ட்டரின் மாறுமின்சாரப் பக்கத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று எனத் தனித்தனியாக. நம் செம்பாறை மண் கோடையில் கல்லாகிவிடும், எர்த் பிடிக்காது. குழியை ஆழமாக எடுத்து, கோடையில் தண்ணீர் ஊற்ற ஆள் ஏற்பாடு செய்யுங்கள்.

வீடு பங்காளிகள் அனைவருக்கும் பொது. நான் மட்டும் போடலாமா?

ஓட்டைப் பிரிக்கும் வேலையைவிட இதுதான் பல இடங்களில் கடினம். அறை உங்கள் பங்காக இருக்கலாம். கூரை எல்லாப் புள்ளிக்கும் (பங்காளிக் குடும்பங்களுக்கும்) பொது. மின் இணைப்பு எப்போதோ காலமான ஐயா பெயரிலேயே இருக்கும். விண்ணப்பம் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரில்தான் போகும், ஆகவே முதலில் பெயர் மாற்றம், அதற்குப் பங்காளிகளின் சம்மதக் கடிதம். படைப்புக்கோ (முன்னோர் வழிபாடு) பொங்கலுக்கோ எல்லோரும் கூடும்போது எடுத்துச் சொல்லி, எந்தச் சரிவு, ஒழுகினால் யார் செலவு, மின்கட்டண லாபம் யாருக்கு என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். தொலைபேசியில் ‘சரிப்பா, செய்’ என்று சொன்ன பெரியப்பா, முதல் சொட்டு ஒழுகியதும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

வருடத்தில் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும் வீடு. எங்களுக்குச் சோலார் தேவையா?

பெரும்பாலும் தேவையில்லை. காவலுக்கு இருப்பவரின் இரண்டு விளக்கும் ஒரு மின்விசிறியும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசத்துக்குள் அடங்கிவிடும். கல்யாணத்துக்கு மூன்று நாள் எரியும் சீரியல் விளக்குக்காகக் கூரையைத் தொடாதீர்கள். ஜெனரேட்டர் வாடகைக்குக் கிடைக்கிறது. அந்தப் பணத்தில் ஓடு மாற்றுங்கள். பெற்றோர் நிரந்தரமாகக் குடியிருக்கிறார்கள், குளிர்சாதனம் ஓடுகிறது, கிணற்று மோட்டார் ஓடுகிறது என்றால் மட்டும் கணக்குப் போடலாம்.

அரசு மானியம் உண்டா?

2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் வீட்டு இணைப்புகளுக்கு 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000. பேனல் உள்நாட்டுத் தயாரிப்பாக இருக்க வேண்டும்; பதிவு பெற்ற நிறுவனம் வழியாகவே போட வேண்டும். வீட்டை விடுதியாக நடத்துபவர்களுக்கு வணிக இணைப்பு, ஆகவே இந்த மானியம் கிடையாது. ஓட்டுக்கூரைக்கான கொக்கி, ஆசாரி கூலி, மாற்று ஓடு ஆகிய கூடுதல் செலவை மானியக் கணக்கு பார்க்காது. அது உங்கள் கைப்பணம்.

மின்வெட்டின்போது எரியுமா?

சாதாரண மின்வாரிய இணைப்போடு சேர்ந்த அமைப்பில் எரியாது. கம்பத்தில் வேலை செய்பவரின் உயிரைக் காக்க இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும். பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் வேண்டும் என்றால் செலவு கூடும்.

எந்த மாதத்தில் வேலை வைக்கலாம்?

தையிலிருந்து பங்குனிக்குள். சித்திரையில் ஓட்டின்மேல் கால் வைக்க முடியாது. புரட்டாசிக்குப் பிறகு கூரையைத் திறக்கவே கூடாது. வேலை தொடங்கும் முன் மாற்று ஓடு நூறாவது கையில் இருக்கட்டும். பழைய வீடு பிரிக்கும் இடங்களில் அதே அச்சு ஓடு கிடைக்கும். ஓட்டின் அடியிலுள்ள தொழிற்சாலை முத்திரையைப் பார்த்து வாங்குங்கள், வேறு தொழிற்சாலை ஓடு உட்காராது. முடித்ததும் காசைக் கொடுத்தனுப்பிவிடாமல், பேனலுக்கு மேல்பக்க ஓட்டில் அரை மணி நேரம் குழாய்த் தண்ணீர் ஊற்றி உள்ளே ஒரு ஆள் நின்று பார்க்கட்டும்.

மயில் தொல்லைக்கு என்ன செய்வது? கழுவுவது எப்படி?

மயிலை விரட்ட முடியாது, துன்புறுத்தவும் கூடாது. பேனலின் மேல் விளிம்பில் அது உட்காரும், எச்சமிடும். காய்ந்த எச்சம் நிழல்போல வேலை செய்யும். அணிலும் எலியும் அடியில் புகுந்து கேபிளைக் கடிக்காமல் பேனலின் சுற்று விளிம்பில் கம்பிவலை கட்டிவிடலாம். அது புறாக் கூட்டையும் தடுக்கும்.

கழுவுவது விடியற்காலையில். சூடேறிய கண்ணாடியில் குளிர்ந்த நீர் ஊற்றாதீர்கள். நம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் உப்பு. காய்ந்தால் வெள்ளைப் படிவம் நிற்கும், பிறகு எதற்கும் போகாது. சேமித்த மழைநீர் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். சுவரோரம் ஏணி போட்டு, நீண்ட கழியில் பஞ்சு கட்டிக் கழுவ முடிகிற இடமாகப் பேனலின் இடத்தை முதலிலேயே தேர்ந்தெடுத்திருந்தால், கழுவுவதற்காக யாரும் ஓட்டின்மேல் ஏற வேண்டியிருக்காது.